பழைய காரின் ஸ்டீயரிங் ஆட்டம்: தேய்ந்த மூட்டைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“அண்ணே, ஸ்டீயரிங்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கு. டைட் பண்ணிடலாமா?”

பழைய அம்பாசிடரோ பியட்டோ வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. தலையாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “ஆட்டம் எந்த ஜாயின்ட்ல தம்பி?” அதற்குப் பதில் வராவிட்டால் ஸ்பானரைத் தொட விடாதீர்கள். கையில் தெரியும் ஆட்டம் ஏழெட்டு இடங்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். இடம் தெரியாமல் இறுக்கினால் ஆட்டம் மறையும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

அசைவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. பெரிய தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தோடு நடந்துவந்து கட்டை போடுகிறவர்கள்தான் அதைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அவர்கள் கண்ணெதிரே நடக்கும். காரில் அதே வேலையை வண்டிக்கு அடியில், கிரீஸும் செம்மண்ணும் அப்பிய சில கம்பிகளும் மூட்டுகளும் செய்கின்றன. நாம் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உதவிக்கு ஒருவர், டார்ச் லைட்டோடு சில எளிய கருவிகள் போதும். மெக்கானிக் வேலை தெரியாதவரும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

## சட்டம் சொல்லும் மூன்று விஷயங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி ஸ்டீயரிங் பற்றியது. அதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஸ்டீயரிங் சக்கரத்தில் வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. இரண்டு, இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். மூன்று, போல்ட்டோ பின்னோ போட்ட இடங்கள் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

30 டிகிரி என்பது கடிகார முகத்தில் ஒரு மணி நேர இடைவெளி. 16 அங்குல விட்டமுள்ள ஸ்டீயரிங் என்றால் விளிம்பில் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய அரைச் சாண். இது சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இவ்வளவு ஆட்டம் இருக்காது.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஆகவே வண்டி பெரும்பாலும் ஷெட்டில் நிற்கும். நிற்கிற வண்டிதானே, என்ன தேயப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஓடாத வண்டியில் கிரீஸ் காய்கிறது, ரப்பர் வெடிக்கிறது, மூட்டுக்குள் துரு ஏறுகிறது.

## முதலில் உங்கள் வண்டி எந்த வகை?

பழைய இந்திய வண்டிகளில் ஸ்டீயரிங் அமைப்பு இரண்டு வகை.

ராக் வகை. ஸ்டீயரிங் தண்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம். அது குறுக்கே கிடக்கும் பல்தண்டை இடமும் வலமும் தள்ளும். தண்டின் இரு முனைகளிலிருந்தும் டை ராட் கிளம்பிச் சக்கரத்துக்குப் போகும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் இந்த வகை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே வகைதான்.

பெட்டி வகை. பம்பாய் குர்லாவில் தயாரான பியட் 1100, அதன் வாரிசான பிரீமியர் பத்மினி இரண்டும் இப்படி. வலப்புறம் ஸ்டீயரிங் பெட்டி, அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம். இடப்புறம் அதற்கு ஜோடியாக ஐட்லர் ஆர்ம். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு கம்பி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கக் கம்பிகள். கம்பிக்கு இரண்டு மூட்டு என்று எண்ணினால் ஆறு. ஜவ்வாது மலைப் பக்கம் ஓடிய பழைய ஜீப்புகளில் ஐட்லருக்குப் பதில் நடுவில் ‘பெல் கிராங்க்’ என்ற திருப்புக் கட்டை இருக்கும். சோதிக்கும் முறை அதற்கும் இதுவே.

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் வண்டியின் மூட்டுகளைப் படமாக வரைந்து எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் அதன் எதிரே குறிப்பு எழுதுங்கள். எதையும் விட்டுவிடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

## தேவையான பொருட்கள்

- ஜாக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்ட் இரண்டு
- பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டைகள்
- டார்ச் லைட், கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி
- இரண்டடி நீளக் கடப்பாரை அல்லது டயர் லீவர்
- சாக்பீஸ், அளவு நாடா, தாள், பேனா
- உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்ட ஒருவர்

பாதுகாப்பு: சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக்கொடுக்காதீர்கள். அவை விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

## படி 1: தரையில் நிற்கும்போது ஆட்டத்தை அளத்தல்

முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயர் ஸ்டீயரிங்கைக் கனமாக்கி உங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப்போகும்.

முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேரே டாஷ்போர்டில் ஒரு அடையாளம். விரல் நுனியால் மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி அளவெடுங்கள். வலப்பக்கமும் இதே. இரண்டையும் கூட்டினால் வருவது மொத்த ஆட்டம்.

ராக் வகை வண்டியில் ஓர் அங்குலத்தைத் தாண்டினாலே தேட ஆரம்பிக்கலாம். பெட்டி வகையில் இயல்பாகவே சற்று அதிகம் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருந்தால் அதுவே முடிவு. அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால், ஆட்டம் கூடுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

## படி 2: ஒருவர் ஆட்ட, ஒருவர் பார்க்க

மொத்தச் சோதனையிலும் உயிர்நாடி இதுதான். சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும். வண்டிப் பாரம் டயர் மேல் அழுத்தும்போதுதான் மூட்டுகளுக்கு உண்மையான எதிர்ப்பு கிடைக்கும்.

உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் இரண்டு மூன்று அங்குலம் மட்டும், சட்டுச் சட்டென்று ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் முன்பக்கம் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் போங்கள். மூட்டைத் துடைத்துவிட்டு, ஒரு விரல் கம்பியிலும் இன்னொரு விரல் அது மாட்டியிருக்கும் ஆர்மிலும் படும்படி குறுக்கே பிடியுங்கள்.

இரண்டு விரலும் சேர்ந்தே நகர்ந்தால் மூட்டு நலம். ஒரு விரல் முதலில் நகர்ந்து, மற்றது ஒரு ‘டக்’ சத்தத்துடன் பின்னால் வந்தால் அங்கே தேய்மானம். கண் ஏமாறலாம், விரல் ஏமாறாது.

புதியவர்கள் இரண்டு இடங்களில் தவறு செய்கிறார்கள். கம்பியைக் கையால் முறுக்கினால் அது கொஞ்சம் உருளும். இரு முனையிலும் பந்து மூட்டு இருப்பதால் அது இயல்பு. அடுத்து, சில மூட்டுகளுக்குள் ஸ்பிரிங் இருக்கும். பெரிய பிளையர் போட்டு அழுத்தினால் அது மேலும் கீழும் சற்று அமுங்கும், அதுவும் கோளாறு இல்லை. வெறும் கையால் தள்ளியே பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஆடுகிற மூட்டைத்தான் மாற்ற வேண்டும்.

## படி 3: ராக் வகையில் ஒளிந்திருக்கும் மூட்டு

அம்பாசிடரிலும் ஹெரால்டிலும் வெளியே தெரியும் டை ராட் எண்ட் பாதி கதைதான். ராக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைக்குள் இன்னொரு பந்து மூட்டு இருக்கிறது. உறையை மெதுவாக அமுக்கி உள்ளே உள்ள உருண்டையைப் பிடித்துக்கொண்டு உதவியாளரை ஆட்டச் சொல்லுங்கள். விரல் நடுவே இடைவெளி விழுவது தெரிந்தால் உள்மூட்டு தேய்ந்திருக்கிறது.

அடுத்து ராக்கின் உடலைக் கவனியுங்கள். பல்தண்டு மட்டும்தான் நகர வேண்டும், கூடு நகரக்கூடாது. கூடும் சேர்ந்து அசைந்தால் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் ரப்பர் போயிருக்கும். ஆட்டத்துக்கு மிக மலிவான தீர்வு பல நேரம் இங்கேதான் கிடைக்கும். ஸ்டீயரிங் தண்டில் ரப்பர் கப்ளிங் இருந்தால் அதில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

## படி 4: பெட்டி வகையில் பார்க்க வேண்டியவை

உதவியாளர் ஆட்டும்போது ஸ்டீயரிங் தண்டையும் டிராப் ஆர்மையும் ஒருசேரக் கவனியுங்கள். தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் தாமதமாக நகர்ந்தால் ஆட்டம் பெட்டிக்குள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் பெட்டி குற்றவாளி அல்ல, வெளியே தேடுங்கள்.

பெட்டியைச் சேஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பெட்டியே லேசாக அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், அந்த இடத்துத் தகடு விரிசல் விட்டும் இருக்கலாம். வெடிப்பு இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

ஐட்லர் ஆர்மை முனையில் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். எல்லாரும் டை ராட் எண்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். ஐட்லர் புஷ் தேய்ந்தால் இடச்சக்கரம் மட்டும் தன் இஷ்டத்துக்கு அலையும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட ‘டைட் பண்ணிடலாமா’வுக்கு வருவோம். பெட்டியின் மேல் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் ஆட்டம் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் பெட்டிக்குள் உள்ள வார்ம் (மறை வெட்டிய தண்டு) நேர்ப்பாதை ஓட்டத்தில் பயன்படும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது, ஓரங்களில் குறைவு. நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால், முழுக்கத் திருப்பும்போது ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேராகாது. செங்கம் பக்கம் வளைவில் எதிரே பஸ் வரும்போது இது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. எல்லா மூட்டுகளும் நலம் என்று உறுதியான பிறகு கடைசியாகத் தொட வேண்டிய திருகு அது.

## படி 5: சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தல்

ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க்கையில் (லோயர் ஆர்ம்) விழும் வண்டிகளில் ஜாக்கியை அந்தக் கீழ்க்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். பாடியைப் பிடித்துத் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்பிரிங்கின் விசை மூட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். டயரைக் கடிகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

12-லும் 6-லும் பிடித்து உள்ளும் வெளியும் தள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி தள்ளுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங் பின் (சக்கரம் இடவலம் திரும்பும் அச்சு), புஷ் அல்லது பால் ஜாயின்ட்.

3-லும் 9-லும் பிடித்துத் தள்ளுங்கள். 12–6-இல் ஆட்டம் இல்லாமல் இங்கே மட்டும் இருந்தால் அது ஸ்டீயரிங் இணைப்பு. எதிர்ச்சக்கரமும் சேர்ந்து திரும்புவது ஆட்டம் அல்ல. இந்தச் சக்கரம் நகர்ந்த பிறகு அது தாமதித்து வருவதுதான் ஆட்டம்.

பிறகு டயருக்கு அடியில் கடப்பாரையை வைத்து மெதுவாக நெம்புங்கள். சக்கரம் மேலெழும்பி ‘டொக்’ என்று விழுந்தால் கிங் பின்னிலோ பால் ஜாயின்ட்டிலோ செங்குத்து ஆட்டம். கடைசியாக இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். நடுவில் எங்காவது பிடித்தாலோ சொரசொரப்பு தெரிந்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## படி 6: ரப்பரும் பின்னும்

ஒவ்வொரு மூட்டின் ரப்பர் மூடியையும் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அடியில் கிழிந்திருப்பது மேலிருந்து தெரியாது. கிழிந்த ரப்பர் வழியே கோடையில் தூசியும், ஐப்பசி கார்த்திகையில் சேற்றுத் தண்ணீரும் உள்ளே போகும். கிரீஸோடு மண் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி பந்தை அரைக்கும். மூட்டு நன்றாக இருந்து ரப்பர் மட்டும் கிழிந்திருந்தால் தாமதிக்காமல் சுத்தம் செய்து ரப்பரை மாற்றுங்கள்.

பிறகு நட்டுகள். பள்ளம் வெட்டிய நட்டில் காட்டர் பின் இருக்கிறதா? பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக்கம்பியோ செருகியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடவும் கூடாது.

## படி 7: டயரைத் தடவிப் பார்த்தல்

டயர் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போல் கீறல் என்றால் டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கிறது. தேய்ந்த மூட்டும் வளைந்த கம்பியும் அதற்குப் பொதுவான காரணங்கள். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கலாம், கிங் பின் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

## ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக

ஹெரால்டின் முன்சக்கரத்தில் கீழே மறை வெட்டிய ட்ரூனியன் ஒன்று உண்டு. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மறையில்தான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடிப்பது கை வழக்கம். ஆனால் கிரீஸ் மறைக்குள் இறங்காமல் காய்ந்து வழியை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். ஒருநாள் செங்குத்துத் தண்டு மறை இடத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஒரு கிரீஸ் கன்னில் எண்ணெயை மட்டும் ஊற்றி, ‘ஹெரால்டு’ என்று பெயின்ட்டில் எழுதித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

- உடனே நிறுத்த வேண்டியவை: கையால் ஆடும் மூட்டு, பின் இல்லாத நட்டு, சேஸிலோ ஆர்மிலோ வெடிப்பு, வளைந்த கம்பி.
- சில நாளில் முடிக்க வேண்டியவை: கிழிந்த ரப்பர், தளர்ந்த ராக் கிளாம்ப், வீல் பேரிங் ஆட்டம்.
- நீங்களே செய்யக்கூடியவை: சுத்தம், கிரீஸ், காற்று, அளவுக் குறிப்பு. முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக் கிரீஸ் அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் அது போய்ச் சேரும்.

தேய்ந்த பந்து மூட்டை அமுக்கி இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வளைந்த ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்துவதும் வெல்டிங் வைப்பதும் அப்படியே. சென்னை புதுப்பேட்டையில் பழைய விளக்குக் கூடும் கதவுக் கைப்பிடியும் தேடி வாங்கலாம். ஸ்டீயரிங் மூட்டை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

டை ராட் எண்டைக் கழற்றும்போது அது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி எழுதுங்கள், புதியதை அதே சுற்றில் ஏற்றுங்கள். நட்டை இறுக்கிய பிறகு பின் துளை நேருக்கு வராவிட்டால் அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக்கூடாது. எண்ணிப் போட்டாலும் சரி, வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

## ஓட்டிப் பார்ப்பதும், மறுபடி பார்ப்பதும்

ஊருக்கு வெளியே ஆளில்லாத நேரான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இதற்கான இடம் அல்ல. பௌர்ணமி இல்லாத நாளிலும் அங்கே வெறுங்காலோடு நடப்பவர்கள் இருப்பார்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகிறதா, பள்ளத்தில் கை அதிர்கிறதா என்று மூன்றையும் கவனியுங்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை இந்தச் சோதனை போதும். மழை ஓய்ந்த தையில் ஒன்று, அடுத்த மழைக்கு முன் ஆடியில் ஒன்று. நீண்ட பயணத்துக்கு முன் படி 2-ஐ மட்டுமாவது செய்துவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது, பத்மினியும் ஹெரால்டும் அதற்கு முன்பே போய்விட்டன. இன்ஜின் பழுதானால் வண்டி ஓரமாக நிற்கும், தள்ளிக்கொண்டு வரலாம். ஸ்டீயரிங் மூட்டு கழன்றால் நிறுத்த நேரம் இருக்காது, எதிரே வருபவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. வண்டிக்குப் பாலிஷ் போடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள்.